பேரு சொல்லு, ஊரு சொல்லு

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்குரிய பதிவு இப்படி இருக்கிறது: "மகளிர் தினத்துக்கு அடுத்த ஞாயிறு. சுங்குவார்சத்திரம், கல்யாண மண்டபம். நல்ல வெயில். ஒலிபெருக்கிக் குழாய்கள் வெளியே தெருவைப் பார்த்து, பெட்டிகள் உள்ளே. கடைசியில் மைக்செட் அக்கா மேடை ஏறினார். சொன்னாரா? விசாரிக்க வேண்டும்."

கடைசி வரியின் கீழே கோடு போட்டிருக்கிறேன். விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எந்த ஆண்டு என்று கேட்பவர்களுக்கு: எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்த பிறகு வந்த முதல் மகளிர் தினம் அது. நான் ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இந்தச் சாலையில் எந்தப் பாலம் எப்போது திறந்தது, எந்த ஏரி எப்போது நிரம்பியது, எந்தக் கம்பெனி எப்போது பெயர் மாற்றிக்கொண்டது என்றெல்லாம் எழுதி வைப்பது என் பழக்கம். தெருவில் எனக்கு 'டைரி' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் மைக்செட் அக்காதான்.

அவருக்கு வாலாஜாபாத் சாலையில் ஒற்றை ஷட்டர் கடை. புடவைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர். மணிக்கட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளையல் மாதிரி மாட்டியிருப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கழலாது. "கண்ணாடி வளையல் ஒடையும். இது ஒட்டும்" என்பார்.

செட்டைத் தொடங்கியவர் கணவர். கம்பெனியில் வேலை கிடைத்ததும் அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். செட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். "ஒரு வாரம் கழிச்சி வாங்கண்ணா" என்று அனுப்பிவிட்டு, அந்த வாரத்தில் வந்த ஒரு மஞ்சள் நீராட்டுக்கும் அம்மன் கோயில் கூழ் ஊற்றலுக்கும் அக்கா தானே ஏணி போட்டுக் குழாய் கட்டிவிட்டார். விலை பேசியவர் திரும்ப வந்தபோது கடை பூட்டியிருந்தது. அக்கா அடுத்த வேலைக்குப் போயிருந்தார். இதைக் கணவர் சொல்லித்தான் கேட்டேன். லீவு நாளில் அவர் பெட்டி தூக்க வருவார். யாராவது அவரை "ஓனர்" என்று கூப்பிட்டால், "ஓனர் ஏணி மேல கீறாங்க. நான் லோடுமேன்" என்பார்.

நான் அக்காவை முதலில் பார்த்தது ஒரு காதுகுத்தில். வேப்பமரத்தில் ஏணி சாத்தி, உச்சாணிக்குப் பக்கத்தில் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் முறையில் வந்த பெரியவர் ஒருவர் இலையில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாமா, செட்டுக்கு ஆம்பள யாரும் வர்லியா?"

"வந்துக்கினே கீறாருண்ணா, கம்பெனி பஸ்ல. உனுக்கு சவுண்டு வோணுமா, ஆம்பள வோணுமா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சவுண்டே போதும்மா, தாயே" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

மற்ற செட்காரர்கள் மைக்கை எப்படிச் சோதிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று ஊரை எழுப்புவார்கள். சிலருக்கு அதுவே பாதி சம்பளம். அக்கா மைக்கில் ஒரு வார்த்தை பேசமாட்டார். "செட்டு கட்றவ வாயத் தொறக்கக் கூடாது. மைக்கு, பேச வந்தவங்களுக்கு" என்பது அவர் சட்டம். ஆனால் சோதிக்காமல் முடியுமா? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பக்கத்தில் எந்தப் பெண் இருந்தாலும் பிடித்துக்கொள்வார். வெங்காயம் உரிப்பவர், பூ கட்டுபவர், அண்டா கழுவுபவர், யாராக இருந்தாலும் சரி.

"கண்ணு, இங்க வா. மைக்கு பாக்கணும். பேரு சொல்லு, ஊரு சொல்லு."

"ஐயே, நானா? வேற யாரையாவது கூப்புடுக்கா."

"உம்பேர வேற எவ சொல்லுவா? சொல்லு."

எங்கள் தெருவில் தையல்காரர் வீட்டம்மா ஒருவர் உண்டு. தையல்காரர் கடை வைத்த நாளிலிருந்து அவரை 'டைலர் வூட்டம்மா' என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் பெயர் கன்னியம்மா என்பது அந்தக் காதுகுத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "கன்னியம்மா" என்று மைக்கில் சொன்னார். வேப்பமரக் குழாய் அதை வாங்கி, ஏரிக்கரை வரைக்கும் கொண்டுபோய்க் கொட்டியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் டீக்கடையிலிருந்து தையல்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "இன்னாச்சி? இன்னாத்துக்கு உம்பேர ரேடியோல சொல்றாங்க?"

"யாரும் சொல்லல. நான்தான்யா சொன்னேன்."

"நீயா?"

"ஏன், எம்பேர நான் சொல்லக்கூடாதா?"

தையல்காரர் திரும்ப டீக்கடைக்குப் போகவில்லை. அங்கேயே நின்று மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அக்கா இதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. குமிழைத் திருகி, "ட்ரெபிள் கொஞ்சம் ஜாஸ்தி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இந்த இடத்தில் எங்கள் கம்பெனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லைனில் எங்களுக்குப் பெயர் கிடையாது. உட்காரும் இடத்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "ஏழு, ஸ்பீடு." "பன்னண்டு, ரீவொர்க்." கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எந்திரச் சத்தத்தில் எண்தான் சுலபமாகக் கேட்கும். வீட்டுக்கு வந்தால் இன்னாருடைய அம்மா, இன்னார் வீட்டுக்காரி. சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கும். இதையெல்லாம் நான் அதற்கு முன்பு யோசித்ததில்லை. அக்கா ஒவ்வொருத்தியாகப் பிடித்துப் பெயர் சொல்ல வைத்ததைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன். இதை அவர் தெரிந்து செய்கிறாரா, மைக்குக்காகச் செய்கிறாரா என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒன் டூ த்ரீன்னா எல்லாக் கொரலும் ஒரே மாதிரி கீது, டைரி. பேரு சொன்னாத்தான் நெசக் கொரலு வரும். அதுக்குத்தான் செட்டிங்கு வெக்கணும்" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

இன்னொன்று, மைக்குக்காக யாரும் குனிவதை அவர் பொறுக்கமாட்டார். ஒரு குடியரசு தினக் கிராம சபையில் வயதான அம்மா ஒருவர் தண்ணீர்க் குழாய் பற்றிப் பேச எழுந்தார். மைக் ஸ்டாண்டு தலைவரின் உயரத்துக்கு இருந்தது. அந்த அம்மா அண்ணாந்து என்னவோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. "எனுக்குச் சின்னக் கொரலுப்பா, வுட்டுடுங்க" என்று உட்காரப் போனார். அக்கா எழுந்து போய் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, கம்பியை அவர் வாய்க்கு நேராக இறக்கினார்.

"சின்னக் கொரலுன்னு ஒண்ணும் கெடையாதும்மா. மைக்கு தூரமா கீது, அவ்ளோதான். இப்ப பேசு."

அந்த அம்மா பேசினார். தெருக்குழாயில் தண்ணீர் வராததில் தொடங்கி, யார் வீட்டு மோட்டார் அதை உறிஞ்சுகிறது என்பது வரை போய்விட்டார். மேடையிலிருந்து ஒருவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, சத்தத்தைக் குறை என்று திருகிக் காட்டினார். அக்கா அவரைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். பிறகு கேட்டதற்கு, "ஏத்தச் சொன்னாங்கன்னு நெனச்சேன் சார்" என்றார்.

இவரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது அன்றுதான். கடைக்குப் போய் நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பெயரைக் கேட்டேன். கடைப் பலகையில் கணவர் பெயர்தான் இருந்தது.

"எம்பேரா? நான் மைக்ல சொல்ற அன்னிக்கு எழுதிக்கோ."

"நீங்கதான் மைக்ல பேசவே மாட்டீங்களே?"

"அப்ப எழுதாத" என்று சொல்லி வயர் சுற்றப் போய்விட்டார். அந்த வரியில் கொஞ்சம் இடம் விட்டேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

சுற்றுப்பட்ட ஊர்களின் மகளிர் குழுக்களும் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களும் சேர்ந்து நடத்திய கூட்டம். கம்பெனி அதிகாரிகள் சிறப்பு விருந்தினர்கள். நான் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன். எங்கள் தரப்பில் பேச செல்வியை வைத்திருந்தோம். தென்காசிப் பக்கத்துப் பெண், எங்கள் தெரு ஹாஸ்டலில் தங்கி எங்கள் கம்பெனியிலேயே தைக்கிறாள். நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம்.

அவள் சொல்ல வேண்டியது ஒரே விஷயம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ் பெண்களை நெடுஞ்சாலைப் பாலத்தடியிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஹாஸ்டல் வரைக்கும் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில் நடந்து வர வேண்டும். ஒரு பெண்ணை பைக்கில் இருவர் துரத்த, அவள் விழுந்து எழுந்து, மறுநாளே ஊருக்குப் போய்விட்டாள். சேதி தென்காசி வரைக்கும் போனது. பஸ் உள்ளே வராவிட்டால் சித்திரைக்குள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று செல்வியின் அம்மா சொல்லிவிட்டார். வந்தால் கல்யாணம். மேடையில் பேசினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டார்களோ என்ற பயம் வேறு. பேசினாலும் வேலை போகலாம், பேசாவிட்டால் போவது நிச்சயம்.

காலையில் காலி மண்டபத்தில் அக்கா பூக்காரம்மாவை வைத்து மைக் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வியைக் கூப்பிட்டார். "எனக்கு வரலக்கா, வேற ஆளப் பாருங்க" என்று அவள் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"சரி வுடு. அப்பாலிக்கா பாத்துக்கலாம்" என்றார் அக்கா.

விருந்தினர்கள் நல்லவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் பெண்ணைப் பற்றிப் பேச வீட்டிலிருந்தே தயாராக வந்திருந்தார்கள். பெண் பூமி, பெண் நதி, பெண் விளக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. பூமியும் நதியும் ஷிப்டுக்கு நேரமாகிறதே என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெளியே கம்பெனி பஸ்கள் வந்து நின்றுவிட்டன. டிரைவர்கள் எதிர் டீக்கடையில் இருந்தார்கள். தொகுத்து வழங்கியவர் தண்டலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். "நேரமின்மையால், பணியாளர் சார்பில் பேசவிருந்த சகோதரிக்கு அடுத்த ஆண்டு வாய்ப்பு தருவோம். இப்போது நன்றியுரை."

செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நல்லதாப் போச்சுக்கா" என்றாள். முகத்தைப் பார்த்தேன். நல்லதாகப் போனவள் முகம் இல்லை அது.

அப்போது அக்கா ஆம்ப்ளிஃபயர் மேசையை விட்டு எழுந்தார். மேடை ஏறி, ஸ்டாண்டிலிருந்து மைக்கைக் கழற்றினார்.

"மேடம், ஒரு நிமிசம். லைனு கொரகொரன்னு கீது. செக் பண்ணிட்டுக் குடுத்துட்றேன்."

எந்தக் கொரகொரப்பும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் மைக்கைப் பற்றி மைக்செட்காரர் சொன்னால் யார் மறுக்க முடியும்? மேடையில் இருந்தவர்கள் பொறுமையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, வயரைத் தளர்த்தித் தளர்த்தி விட்டபடி படியிறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே வந்தார். முன்வரிசையைத் தாண்டினார். குழுத் தலைவிகளைத் தாண்டினார். எங்கள் வரிசைக்கு வந்து செல்வியின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்.

"கண்ணு. மைக்கு பாக்கணும். பேரு சொல்லு, ஊரு சொல்லு."

"செல்வி."

பெயர் வெளியே போனது. மண்டபத்து வாசலில் கட்டிய குழாய்கள் அதைத் தெருவுக்குச் சொன்னதை உள்ளேயே கேட்டோம்.

"ஊரு?"

"தென்காசிப் பக்கம்."

"இன்னும் கொஞ்சம் பேசு. கொரகொரப்பு போச்சான்னு பாக்கறேன்."

செல்வி எழுந்து நின்றாள். அக்காவின் கையும் கூடவே உயர்ந்தது.

"ரெண்டாவது ஷிப்டு பஸ்ஸு எங்கள பாலத்துக்கிட்டயே எறக்கி விட்டுட்டுப் போயிருது. ஹாஸ்டல் வரைக்கும் வர மாட்டுக்கு. லாரி வரிசையா நிக்கும். நாங்க கையப் புடிச்சிக்கிட்டே நடப்போம். எங்கூட இருந்த பிள்ள ஒருத்தி பயந்து ஊருக்கே போயிட்டா. எங்கம்மையும் வந்துருன்னு சொல்லுதா. நான் போ மாட்டேன். எனக்கு இந்த வேல வேணும். நான் நல்லாத் தைப்பேன், சூப்பர்வைசர்ட்டயே கேளுங்க. பஸ்ஸு உள்ள வரணும். அவ்வளவுதான்."

முன்வரிசையில் ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர், அதே பழைய சைகையை ஆம்ப்ளிஃபயர் மேசையைப் பார்த்துக் காட்டினார். அங்கே நாற்காலி காலியாக இருந்தது. திருகுகிறவர் இங்கே எங்கள் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

யாரும் கைதட்டுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டீக்கடையிலிருந்து ஒரு டிரைவர், கையில் டீக்கிளாசுடன் உள்ளே வந்து நின்றார். குழாயில் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"சார், ஹாஸ்டல் கிட்ட கீற ட்ரான்ஸ்பார்மர் பக்கத்துல வண்டி தாராளமாத் திரும்பும். எங்களுக்குப் பாலம் வரிக்கும்னுதான் போட்டுக் குட்த்துக்கிறாங்க. உள்ள போன்னா போறோம்."

மேடையில் இருந்த எங்கள் கம்பெனி அதிகாரி அவரைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். மைக் இல்லாமலே, கொஞ்சம் குரலை உயர்த்தி, "அப்ப உள்ள போங்க. இன்னைக்கே போங்க" என்றார்.

அதன் பிறகு எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. பந்தல் சரிந்ததுபோல் இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

பஸ் அன்றே உள்ளே வந்தது. செல்வி இப்போதும் அதே லைனில் தைக்கிறாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இவை சரிபார்த்த தகவல்கள்.

ஆனால் அந்த மண்டபத்தில் நான் மறக்காதது அதற்கு அடுத்து நடந்தது. செல்விக்குப் பக்கத்தில் இருந்தவள் மைக்கை இழுத்தாள். "எனக்கும் செக் பண்ணுக்கா. தேவி. மாம்பாக்கம்." அவளிடமிருந்து அடுத்தவள். "ரெஜினா மேரி." "குப்பம்மா, வாலாஜாபாத்." ஒரு பாட்டி தன் பெயரோடு தன் அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். டைலர் வூட்டம்மா இந்த முறை துடைத்துக்கொள்ள ஈரம் இல்லாமலே புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு "கன்னியம்மா" என்றார், சந்தைக்காரியின் சத்தத்தில். நன்றியுரை சொல்ல வேண்டியவர் நன்றியை மறந்துவிட்டு வரிசையில் வந்து நின்றார். தொகுத்து வழங்கிய பேராசிரியையும் கடைசியில் வந்து, பட்டங்களை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொன்னார். அக்கா ஒவ்வொருவர் உயரத்துக்கும் கையை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தார்.

என் முறை வந்தது. சொன்னேன். வெளியே போன என் பெயர் எதிரே இருந்த கம்பெனி மதிலில் பட்டு, சற்றுத் தாமதமாக என்னிடமே திரும்பி வந்தது. எத்தனையோ வருடங்களாக எத்தனையோ பேர் பெயரை எழுதி வைத்தவள் நான். என் பெயர் இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது.

பஸ்கள் ஹாரன் அடித்தன. இரண்டாம் ஷிப்ட் பெண்களை ஏற்றிவிடும் பொறுப்பு என்னுடையது. வாசலில் நின்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, வயரைச் சுற்றத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் முன்னால் இருந்த பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னியம்மா கத்தியது வாசல்வரை கேட்டது: "எங்க எல்லார் பேரையும் கேட்ட இல்ல? நீ சொல்லுமே! ஏறுமே மேல!"

தள்ளித் தள்ளி மேடையில் ஏற்றினார்கள். மைக்குக்கு முன்னால் நின்றார். ஸ்டாண்டு கடைசியாகப் பேசிய விருந்தினரின் உயரத்தில் இருந்தது. திருகைத் தளர்த்திக் கம்பியைத் தன் வாய்க்கு நேராக இறக்கினார். அவ்வளவு பேருக்குச் செய்தவர், தனக்கு அதைச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மைக்கில் உயிர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அணைத்தவரே அவர்தானே. நிமிர்ந்து நின்றார். டேப் வளையல் போட்ட கை ஸ்டாண்டைப் பிடித்திருந்தது. வாசலில் இருந்து பார்த்தேன், உதடு அசைந்தது. முன்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பின்னால் ஹாரன்.

விசாரித்தேன். "பேரும் சொன்னா, ஊரும் சொன்னா, நான் காதால கேட்டேன்" என்கிறார் கன்னியம்மா. என்ன பெயர் என்று கேட்டால், "அத்த அவகிட்டயே கேளு, நான் சொல்றது மொற இல்ல" என்கிறார். பூக்காரம்மா, அவர் பெயர் சொல்லவே இல்லை, "போதும், பஸ்ஸுக்குப் போங்கடி" என்றுதான் சொன்னார் என்கிறார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். செல்வி எனக்கு முன்பே பஸ் ஏறிவிட்டாள்.

எங்கள் கம்பெனி ஆயுத பூஜைக்கு எப்போதும் அக்காதான் செட் கட்டுவார்; அந்த ஆண்டு அவருக்கு அழைப்பு வரவில்லை. வேறு யாரோ செட் கட்டினார்கள். வருத்தமா என்று கேட்டேன். "போவட்டும் வுடு. அவங்க செட்டு நெசமாவே கொரகொரன்னு கீதாம்" என்று சிரித்தார்.

பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். அந்த வரிசைக் கடைகள் போயின. கணவருக்கும் அரக்கோணம் பக்கம் வேலை மாறியது. டெம்போவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த நாளில் போய் நேராகவே கேட்டேன்.

"அன்னைக்கு மேடையில பேரைச் சொன்னீங்களா, இல்லையா?"

"நீ எங்க இருந்த?"

"வாசல்ல. பஸ்ஸுக்கு ஆள் ஏத்திக்கிட்டு."

"எல்லாத்தையும் விசாரிச்சித்தானே எழுதுவ? விசாரிச்சி எழுதிக்கோ, டைரி." ஏறி உட்கார்ந்தார். டெம்போ நகர்ந்தது.

அவர் பெயரைத் தெரிந்துகொள்வது கடினமில்லை. கணவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். கேட்கவில்லை. மைக்கில் சொல்கிற அன்றைக்கு எழுதிக்கொள் என்பதுதான் எங்களுக்குள் இருந்த பேச்சு. அதனால் நாட்குறிப்பில் நான் விட்ட இடம் அப்படியே இருக்கிறது. அணைந்த மைக்கின் முன்னால் அவர் அன்று சொன்னது தன் பெயரைத்தானா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.